தொழிலில் உயரப் படிக்க வேண்டும்: அந்த நேரத்தை வீட்டிலிருந்து எடுக்காதீர்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் சீனியர் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைச் சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை நடத்திச் செல்பவராக, இருக்கிறீர்கள். காலை ஒன்பதுக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டாகிறது. இரண்டு குழந்தைகள். அடுத்த சில ஆண்டுகளில் மார்க்கெட்டிங் தலைமைப் பொறுப்புக்கு வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள். “பெரிய ஆட்களெல்லாம் தினமும் ஐந்து மணி நேரம் படிக்கிறார்களாம். நானும் நாலரைக்கு எழுந்து படித்துப் பார்த்தேன், தாக்குப்பிடிக்க முடியவில்லை. எப்படித்தான் நேரம் ஒதுக்குவது, எதைத்தான் படிப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொழிலுக்காகப் படிப்பதை அலுவலக நேரத்தில் படியுங்கள். உங்கள் எம்.டி.க்குத் தெரிந்தே படியுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, முக்கால் மணி நேரம் போதும். இதுதான் என் பதில். ஏற்றுமதி நிறுவனங்களின் கணக்கு, வங்கி வேலைகளைப் பல காலம் பார்த்தவன் என்ற முறையில் இதற்கான காரணத்தையும் வழியையும் விரிவாகச் சொல்கிறேன்.

விடியற்காலை எழுந்து படி என்ற அறிவுரை யாருக்காகச் சொல்லப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். எழுந்ததும் காபி கைக்கு வந்துவிடும், பிள்ளைகளின் டிபன் பாக்ஸை வேறொருவர் கட்டிவிடுவார் என்ற நிலையில் இருப்பவருக்கு அது சரியாக வரும். உங்களுக்கு நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவே இருப்பது தூக்கம் அல்லது சமையல். அந்தத் தூக்கத்தை வெட்டிப் படித்தால், மத்தியானம் காஸ்டிங் ஷீட்டில் (விலைக் கணக்குத் தாளில்) தவறு வரும். நீங்கள் விட்டுவிட்டதில் குறை ஒன்றும் இல்லை. அந்த ஏற்பாடே உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாதது.

ஐந்து மணி நேரம் படிப்பவர் என்று எல்லோரும் காட்டுவது வாரன் பஃபெட்டை. அவருடைய வேலை என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த நிறுவனத்தில் பணம் போடுவது என்று முடிவெடுப்பதுதான் அவர் தொழில். அதற்கான மூலப்பொருளே ஆண்டறிக்கைகள். இளம் வயதில் மூடீஸ் வெளியிட்ட நிறுவன விவரத் தொகுப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார் என்றால், அதுவும் அவர் தொழிலின் வேலைதான். வீட்டுக்குப் போய் ஓய்வில் படித்துத் தொழிலில் முன்னேறிய கதை இல்லை அது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மணிக்கணக்கை அல்ல. தான் முடிவெடுக்க வேண்டிய விஷயத்தின் மூல ஆவணத்தைத் தானே படித்தார் என்பதை.

உங்கள் தொழிலின் மூல ஆவணங்கள் எவை? முதலாவது, உங்கள் பையர்களின், அதாவது உங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின், ஆண்டறிக்கைகள். பெரும்பாலான மெர்ச்சண்டைசர்கள் பையரின் டெக் பேக்கையும் (ஆடையின் அளவு, துணி, தையல் விவரத் தொகுப்பு) கம்ப்ளையன்ஸ் கையேட்டையும் (தொழிற்சாலை பின்பற்ற வேண்டிய விதிகள்) வரிவரியாகப் படிப்பார்கள்; அந்தப் பையர் பிழைப்பாரா, அடுத்த சீசனில் ஆர்டர் தருவாரா என்பதைச் சொல்லும் காகிதத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

டெபன்ஹாம்ஸ் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் பழம்பெரும் பல்பொருள் கடைக் குழுமம். 2020 ஏப்ரலில் கொரோனாவின்போது அது திவால் நிர்வாகத்துக்குப் போனது. சரக்கு அனுப்பிவிட்டுப் பணம் வராமல் வங்கதேச ஏற்றுமதியாளர்கள் பலர் ஒன்றுசேர்ந்து போராட வேண்டியதாயிற்று. எல்லாப் பழியும் கொரோனா மேல் விழுந்தது. ஆனால் காகிதங்கள் என்ன சொல்லின? 2018-இல் அந்த நிறுவனம் மூன்று முறை லாபம் குறையும் என்று அறிவித்தது. பணம் வராவிட்டால் ஈடு தருவதாக அதன் சப்ளையர்களுக்குத் தந்துவந்த பாதுகாப்பைக் கடன் காப்பீட்டு நிறுவனங்கள் அந்த ஆண்டே குறைக்கத் தொடங்கின. 2018 அக்டோபரில் வந்த ஆண்டு முடிவில் நட்டம் 49 கோடி பவுண்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி சொத்து மதிப்பைக் கணக்கில் குறைத்து எழுதியதால் வந்தது. கையிலிருந்து போன பணமல்ல. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் லாபம் முந்தைய ஆண்டின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கியிருந்தது. ஐம்பது கடைகள் வரை மூடப்போவதாகவும் அப்போதே சொன்னார்கள். 2019 ஏப்ரலில் ஒருமுறை திவால் நிர்வாகத்துக்குள் போய், கடன் கொடுத்தவர்கள் கையில் நிறுவனம் மாறியது. பங்குதாரர்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. இவ்வளவும் கொரோனாவுக்கு முன்.

இந்தச் செய்திகள் எதுவும் ரகசியம் இல்லை. எல்லாம் இலவசமாகக் கிடைத்தவை. 2018 அக்டோபரில் அந்த முடிவறிக்கையை ஒரு சப்ளையர் அலுவலகத்தில் ஒருவர் படித்து, “இவர்களுக்கு இனி 90 நாள் கடன் வேண்டாம், முன்பணமோ, பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் எல்.சி.யோ கேட்போம்” என்று சொல்லியிருந்தால், அவருக்கு அந்த நிறுவனத்தில் என்ன மதிப்பு இருந்திருக்கும்? மெர்ச்சண்டைசிங்கிலிருந்து மார்க்கெட்டிங் தலைமைக்குப் போகும் வழி இப்படித்தான் திறக்கிறது. சாம்பிள் சரியான நாளில் போவதை உறுதி செய்ய ஆள் கிடைப்பார்கள். எந்தப் பையரிடம் எவ்வளவு கடன் வைக்கலாம் என்று ஆதாரத்தோடு பேசக்கூடியவர் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

இருநூறு பக்க ஆண்டறிக்கையை எப்படி முக்கால் மணியில் படிப்பது என்று கேட்பீர்கள். முழுக்கப் படிக்கக் கூடாது. முன்பாதியில் உள்ள படங்களையும் தலைவரின் கடிதத்தையும் தள்ளிவிடுங்கள். பிடிஎஃப்பில் ‘இன்வென்டரி’ என்று தேடுங்கள். விற்பனை எவ்வளவு கூடியிருக்கிறது, கையிருப்புச் சரக்கு எவ்வளவு கூடியிருக்கிறது என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். விற்பனை அப்படியே நிற்க, சரக்கு மட்டும் ஏறியிருந்தால் அடுத்த சீசன் ஆர்டரில் வெட்டு வர வாய்ப்பு அதிகம். எச் அண்ட் எம் போன்ற நிறுவனங்கள் விற்பனையில் எத்தனை சதவீதம் சரக்காகக் கிடக்கிறது என்பதைக் காலாண்டு அறிக்கையிலேயே சொல்லிவிடுகின்றன. அடுத்து ‘இந்தியா’, ‘பங்களாதேஷ்’, ‘வியட்நாம்’ என்று தேடுங்கள். எங்கிருந்து வாங்குவதைக் கூட்டப்போகிறார்கள் என்ற குறிப்பு கிடைக்கும். பிறகு அபாயங்களைப் பற்றிய பகுதி. அமெரிக்க நிறுவனம் என்றால் அவர்கள் அரசுக்குத் தாக்கல் செய்யும் டென்-கே அறிக்கையில் அந்தப் பகுதி தனியாகவே இருக்கும். சட்டப்படி சொல்லியாக வேண்டிய இடம் என்பதால் அங்கே மழுப்பல் குறைவு. கடைசியில் ஆடிட்டர் அறிக்கை. ‘கோயிங் கன்சர்ன்’ (நிறுவனம் தொடர்ந்து இயங்கும் என்ற அனுமானம்) என்ற சொற்களுக்குப் பக்கத்தில் சந்தேகம் எழுப்பும் வாசகம் ஏதாவது இருந்தால் அன்றைக்கே மேலே சொல்ல வேண்டிய செய்தி அது.

ஒரு பையருக்கு ஆண்டுக்கு ஒருமுறை இவ்வளவு. பிறகு காலாண்டுக்கு ஒரு பத்து நிமிடம்.

இனி நேரத்துக்கு வருவோம். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் டி அண்ட் ஏ காலண்டர், அதாவது எந்த வேலை எந்தத் தேதியில் என்ற அட்டவணை, போடுகிறவர் நீங்கள். உற்பத்திக்கு முந்தைய பிபி சாம்பிள் எப்போது, துணி உள்ளே வந்து சேர்வது எப்போது, ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் எப்போது என்று தேதி எழுதாமல் எந்த ஆர்டரையும் ஓட்ட மாட்டீர்கள். அதே காலண்டரில் இதற்கும் தேதி போடுங்கள். எச் அண்ட் எம் கணக்காண்டு நவம்பர் 30-இல் முடிகிறது. ஜாராவின் தாய் நிறுவனமான இண்டிடெக்ஸ், வால்மார்ட் இரண்டுக்கும் ஜனவரி 31. பிரைமார்க்கின் தாய் நிறுவனத்துக்குச் செப்டம்பர் நடுவில்; முடிவுகள் நவம்பரில் வரும். அறிக்கை வரும் மாதம் தெரிந்துவிட்டால் ஆண்டு முழுவதும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நாளில் எந்த நேரம் என்பதற்கும் உங்கள் வேலையிலேயே விடை இருக்கிறது. ஐரோப்பிய பையர்களைப் பார்க்கிறீர்கள் என்றால், ஜெர்மனியில் காலை ஒன்பது என்பது நமக்குக் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அதுவரை அங்கிருந்து புது மெயில் அநேகமாக வராது. காலையில் யூனிட், டையிங், பிரிண்டிங் என்று ஃபாலோஅப் முடிய பதினொன்றாகிவிடும். பதினொன்றேகாலிலிருந்து பன்னிரண்டு வரை ஓர் இடைவெளி இருக்கிறது; இப்போது அது வாட்ஸ்அப் குரூப்களுக்குப் போய்க்கொண்டிருக்கும். திங்கள் வேண்டாம், வார இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்தவை இருக்கும். வெள்ளி, சனி ஷிப்மென்ட் நெருக்கடி. செவ்வாயும் வியாழனும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சீட்டில் உட்கார வேண்டாம். ஷோரூமிலோ கான்ஃபரன்ஸ் அறையிலோ உட்காருங்கள். போனை ஜூனியரிடம் கொடுத்துவிட்டு, “பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவேன், டையிங்கிலிருந்து ஷேடு அப்ரூவல் கேட்டால் மட்டும் கூப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போங்கள். வேண்டிய பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துப் பேனாவோடு படியுங்கள். திரையில் படித்தால் ஓரத்தில் மெயில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வகை ஆவணம், சட்டமும் அறிவிப்புகளும். இங்கே நேரம் மிச்சமாகும் விதம் பலருக்குத் தெரிவதில்லை. மூல அறிவிப்பு பெரும்பாலும் அதைப் பற்றிய வீடியோவை விடச் சிறியது. 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் எச் என்று ஒரு சிறு உட்கூறு சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கும் வேலைக்கும் உரிய கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தரும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள். இருந்தால் அதிகபட்சம் 45 நாள். படிக்க ஐந்து நிமிடம் ஆகும். பிரிண்டிங், எம்பிராய்டரி, காம்பாக்டிங் என்று ஜாப் ஒர்க் செய்து தரும் சிறு யூனிட்களுக்கு மூன்று மாதம் கழித்துப் பணம் தருவதே வழக்கமாக இருக்கும் ஊரில் இது எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் ஜவுளிச் சந்தைகளில் பதற்றம் கிளம்பியது 2024 பிப்ரவரி, மார்ச்சில்தான், ஆண்டுக் கணக்கை முடிக்கும் நேரத்தில். 2023 பிப்ரவரியிலேயே அந்த ஐந்து நிமிடம் படித்தவருக்கு, யார் யார் குறு, சிறு நிறுவனம், யாரிடம் ஒப்பந்தம் இருக்கிறது என்று பட்டியலிட ஒரு முழு ஆண்டு கையில் இருந்தது.

இது கணக்குப் பிரிவின் வேலை, எனக்கு எதற்கு என்று தோன்றலாம். ஜாப் ஒர்க் யூனிட்டிடம் ரேட் பேசுகிறவர் நீங்கள். 45 நாளில் பணம் உறுதி என்று சொல்லி ரேட்டைக் குறைக்க முடியுமா என்று கணக்குப் பார்க்கக்கூடியவரும் நீங்கள்தான். பிரிட்டனுடனான வர்த்தக ஒப்பந்தமும் அப்படித்தான். 2025 ஜூலை 24-இல் கையெழுத்தானது. வாசகம் பொதுவில் இருக்கிறது. ஆயிரம் பக்கத்தைப் படிக்கச் சொல்லவில்லை. சுங்கச் சரக்குப் பட்டியலில் பின்னலாடை 61-ஆவது அத்தியாயத்தில் வருகிறது; அந்த அத்தியாயத்துக்கு உற்பத்தி மூல விதி (எப்போது ஒரு சரக்கு இந்தியாவில் தயாரானதாகக் கருதப்படும் என்பது) என்ன சொல்கிறது என்ற சில வரிகள் மட்டும் உங்களுடையவை.

மூன்றாவது, ரேட்டிங் குறிப்புகள். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள, இதைவிடக் குறைவாகப் படிக்கப்படும் காகிதம் இந்தத் தொழிலில் இல்லை. வங்கிக் கடன் வாங்கும் நூல் மில்கள், டையிங் நிறுவனங்கள், ஏற்றுமதியாளர்கள் பலருக்கும் கிரிசில், இக்ரா, கேர் போன்ற நிறுவனங்கள் தர மதிப்பீடு செய்து, காரணத்தை இணையத்தில் போடுகின்றன. பங்குச் சந்தையில் இல்லாத குடும்ப நிறுவனங்களுக்கும் இது கிடைக்கும். சில பக்கங்கள்தான். விற்பனை எவ்வளவு, எத்தனை நாள் சரக்கு நிற்கிறது, எத்தனை பையர்களை நம்பி இருக்கிறார்கள், வங்கி வரம்பில் எவ்வளவு பயன்படுத்திவிட்டார்கள், எது நடந்தால் மதிப்பீடு இறங்கும் என்று எல்லாம் இருக்கும். தகவல் தர மறுத்த நிறுவனம் என்றால் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று பெயருக்குப் பக்கத்திலேயே முத்திரை விழுந்திருக்கும். உங்கள் நூல் சப்ளையரின் குறிப்பையும், உங்களோடு போட்டியிடும் இரண்டு நிறுவனங்களின் குறிப்பையும் ஒரு செவ்வாய்க்கிழமையில் படித்து முடித்துவிடலாம். உங்கள் சொந்த நிறுவனத்தின் குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். தான் வேலை செய்யும் நிறுவனத்தின் பலவீனத்தை வெளியாள் எழுதிய வாசகத்தில் படிப்பது மிகவும் தெளிவு தரும்.

அலுவலகத்தில் ஒருவர், அதிலும் ஒரு பெண், உட்கார்ந்து படித்தால் “வேலை இல்லை போல” என்ற பார்வை வரும். அதற்கு வாதம் செய்ய வேண்டாம். படித்ததிலிருந்து அரைப் பக்கம் எழுதி எம்.டி.க்கு அனுப்புங்கள். இப்படி:

“சார், நம் ஜெர்மன் பையரின் அரையாண்டு அறிக்கை வந்திருக்கிறது. கடை விற்பனை போன ஆண்டு அளவிலேயே நிற்கிறது. கையிருப்புச் சரக்கு எட்டில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, அதிகமும் குழந்தைகள் பிரிவில் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நமக்கு வருவதில் பாதிக்கு மேல் அந்தப் பிரிவுதான். அடுத்த சீசனுக்கு நூல் புக் செய்யும் முன் ஆர்டர் அளவை உறுதி செய்துகொள்வது நல்லது. வியாழக்கிழமை அவர்களோடு போனில் பேசும்போது நானே கேட்கட்டுமா?”

இதில் என்ன இருக்கிறது பாருங்கள். ஒரு தகவல், அது நம்மை எங்கே தொடுகிறது, என்ன செய்யலாம், யார் செய்வது. கடைசி வாக்கியம் முக்கியம். பையரோடு வியாபாரம் பேசும் இடத்துக்கு நீங்கள் உங்களை நகர்த்திக்கொள்வது அங்கேதான். மாதம் இரண்டு மெயில் இப்படிப் போனால், உங்கள் செவ்வாய்க்கிழமை முக்கால் மணியைக் காப்பாற்றும் ஆளாக எம்.டி.யே மாறிவிடுவார். பதில் வராவிட்டாலும் அனுப்பிக்கொண்டிருங்கள். ஏற்றுமதி முதலாளிகள் மெயிலுக்குப் பதில் போடாமலே எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவர்கள்.

புத்தகங்களை நான் இதிலிருந்து தனியாக வைக்கிறேன். அவை வீட்டு நேரத்துக்கு உரியவை, விருப்பத்தோடு படிக்க வேண்டியவை. பதவி உயர்வுக்காக ஒரு புத்தகத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள பெரியவர்கள் மௌனமாகப் படிக்கும் வேகம் நிமிடத்துக்கு 240 சொல் அளவில். நமக்கு 150 என்று வைத்துக்கொள்வோம். 80,000 சொல் உள்ள ஒரு புத்தகம் ஒன்பது மணி நேரம். இரவு இருபது நிமிடம் படித்தால் ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்குப் பத்துப் புத்தகம் நல்ல அளவு. வாரம் ஒரு புத்தகம் என்று சொல்பவர்களோடு போட்டி வேண்டாம். முப்பது பக்கத்தில் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் மூடி வையுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. அதை நூலகருக்காகச் சொன்னார். நமக்கு நாமே விதித்துக்கொண்டாலும் தவறில்லை. வாங்குவதற்கு முன் மாவட்ட மைய நூலகத்தில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கொஞ்சம் நீளமாக உட்கார்ந்து படிக்க உங்கள் தொழிலே இரண்டு மூன்று இடம் தருகிறது. ஆகஸ்டில் ஐரோப்பிய அலுவலகங்கள் விடுமுறையில் பாதி காலியாக இருக்கும். இந்திய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் வந்து குவிவதும் அந்த நேரத்தில்தான், செப்டம்பர் இறுதிக்குள் பொதுக்குழு கூட்டியாக வேண்டும் என்பதால். ஈரோடு புத்தகத் திருவிழாவும் ஆகஸ்டில்தான் நடக்கும். அடுத்தது தீபாவளி, தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திருப்பூரே அடங்கிக் கிடக்கும் நாட்கள். அப்போது வீட்டு வேலை இரட்டிப்பாகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம், கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில அறிக்கை என்றால் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். முதல் மூன்று நான்கு அறிக்கைகள் மெதுவாகத்தான் போகும். இந்த வகை ஆவணங்களில் சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை. இம்பேர்மென்ட், ரிசீவபிள்ஸ், கவனன்ட், மார்க்டவுன் என்று ஒரு நாற்பது சொல்லுக்குப் பொருள் எழுதி டைரியின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டால், அதற்குப் பிறகு டெக் பேக் படிக்கும் வேகம் வந்துவிடும். உங்கள் கணக்குப் பிரிவில் ஒருவரிடம் சந்தேகம் கேளுங்கள். அவர்களுக்கும் பையரைப் பற்றித் தெரிந்துகொள்வதில் ஆர்வம் இருக்கும்.

எந்தப் பையரிலிருந்து தொடங்குவது என்றால், உங்கள் பில் மதிப்பில் முதலிடத்தில் இருப்பவரிடமிருந்து. அவர் பங்குச் சந்தையில் இல்லாத தனியார் நிறுவனமாக இருந்தாலும் கவலை வேண்டாம். பிரிட்டன் என்றால் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்திலும், ஜெர்மனி என்றால் அவர்களுடைய அரசு நிறுவனப் பதிவேட்டுத் தளத்திலும் அங்கே தாக்கலான கணக்குகளைக் காசில்லாமல் பார்க்கலாம். ஜெர்மன் மொழியில் இருக்கும். எண்கள் எண்கள்தான், தலைப்புகளை மட்டும் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் போதும். இன்வாய்ஸில் உள்ள நிறுவனப் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்துத் தேடுங்கள். கடைப் பெயரில் தேடினால் பல நேரம் கிடைக்காது.